வி5ஆர்4 பெட்டியில் எக்ஸ்எம்எல் படிக்க எதை எடுப்பது?

பச்சைத்திரை எழுதியது:

வணக்கம். சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் வேலை. நான்கு வருடம் ஜாவாவில் இருந்த என்னைப் போன வருடம் ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் பழைய வணிகக் கணினி) சப்போர்ட்டில் தூக்கிப் போட்டார்கள். முதல் மாதம் அந்தப் பச்சைத் திரையைப் பார்த்து அழுகை வந்தது. இப்போது எஃப்4 அழுத்தித் துணை தேடாமலே பாதி கமாண்டுகள் கைக்கு வருகின்றன.

கிளையன்ட் அமெரிக்காவில், ஓஹையோவில், குழாய், வால்வு, ஃபிட்டிங் விற்கும் மொத்த வியாபாரி. மெஷின் ஐ5 520, அதே குடும்பம். ஓஎஸ் வி5ஆர்4. ஆமாம், ஐபிஎம் 2013 செப்டம்பரில் சப்போர்ட்டை நிறுத்திய அதே வி5ஆர்4 தான். "முதலில் அப்கிரேட் பண்ணச் சொல்லுங்கள்" என்று எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடுத்த ரிலீஸான 6.1க்குப் போனால் எல்லாப் புரோகிராம்களையும் கன்வர்ட் செய்தாக வேண்டும். அதற்குப் புரோகிராமுக்குள் கிரியேஷன் டேட்டா (அதை மறுபடி உருவாக்கத் தேவையான தகவல்) இருக்க வேண்டும். இவர்கள் தொண்ணூறுகளில் வாங்கிய கிடங்கு பேக்கேஜில் அதை உருவி எடுத்துவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள். சோர்ஸும் கையில் இல்லை, விற்றவர்களும் இப்போது இல்லை. அதனால் அந்தப் பேச்சு முடிந்த பேச்சு.

பிரச்சினை இதுதான். இவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இத்தனை வருடமாக ஆர்டர்களை ஈடிஐ 850 (கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஆர்டர் அனுப்பும் பழைய வடிவம்) ஆக அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த காலாண்டிலிருந்து எக்ஸ்எம்எல் (டேகுகளுக்குள் தகவலை வைக்கும் எழுத்துக் கோப்பு) மட்டும்தானாம். ராத்திரி ஒரு மணிக்கு எஃப்டிபி மூலம் ஒரே ஒரு கோப்பு ஐஎஃப்எஸ்ஸில் (பெட்டியில் சாதாரணக் கோப்புகள் இருக்கும் இடம்) வந்து விழும். மாதிரிக் கோப்பு 6 எம்பி. அதில் 110 ஆர்டர்கள். ஒவ்வொரு டேகுக்கும் முன்னால் "ஓஆர்டி" என்று ஒரு முன்னொட்டும் முக்காற்புள்ளியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

என் டீம் லீட் "ஜாவாவில் சாக்ஸ் பார்சர் எழுது, நீதான் ஜாவாக்காரி ஆயிற்றே" என்கிறார். பார்சர் என்றால் கோப்பைப் படித்துப் பிரிப்பது; சாக்ஸ் வகை அதை டேக் டேகாக, நிகழ்வு நிகழ்வாகத் தரும். கிளையன்ட் பக்கம் ஐடி டிபார்ட்மென்ட் என்பது ஒரே ஒரு மனிதர். வயது 61. "என் மெஷினில் ஜாவா ஏற்றாதே" என்று மெயிலில் தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறார். இன்னொருவர், ஒரு பிசியில் சிஎஸ்வி ஆக்கி அனுப்பினால் போதும் என்கிறார். கூகுளில் தேடினால் எக்ஸ்எம்எல் டூல்கிட், எக்ஸ்பாட், எக்ஸ்எம்எல்-இன்டு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாஃப்ட்வேர் வாங்க பட்ஜெட் பூஜ்யம். ஆறு வாரம் இருக்கிறது. எதில் கை வைப்பது?


சிஸ்டம்36 எழுதியது:

தம்பி, நான்கு கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

ஈடிஐ ஆர்டர்களை இப்போது வாங்கிக்கொள்ளும் புரோகிராம் பழைய ஆர்பிஜி 3ஆ, புது ஐஎல்இ ஆர்பிஜியா (இரண்டும் அந்தப் பெட்டியின் மொழிகள்)? மிகப் பெரிய ஆர்டரில் எத்தனை வரி? ஒவ்வொரு வரிக்குள்ளும் ஆர்டர் எண் திரும்ப வருகிறதா, இல்லை தலைப்பில் மட்டும்தானா? கோப்பு எந்த என்கோடிங்கில் வருகிறது, ஐஎஃப்எஸ்ஸில் விழுந்தபின் அதன் சிசிஎஸ்ஐடி, அதாவது எழுத்துத் தொகுப்பின் எண், என்ன காட்டுகிறது?

பார்சர் எது என்பது இந்த நான்கில் பாதி முடிவாகிவிடும். அதுவரை ஸ்கேன் போட்டு டேகைத் தேடும் வேலையை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், அது என் சொந்த அவமானக் கதை.


கோட்பித்தன் எழுதியது:

உங்கள் டீம் லீட் சொல்வதில் தப்பு என்ன? ஜாவாவில் பார்சர் ரெடியாக வருகிறது, அந்த முன்னொட்டு குறிக்கும் நேம்ஸ்பேஸ் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், உங்களுக்கும் தெரிந்த மொழி. ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் எழுந்திருக்க நேரமாகும் என்பார்கள். ராத்திரி ஒரு தடவை ஓடும் பேட்ச் ஜாபுக்கு அது ஒரு விஷயமா? டேட்டாபேஸ் இணைப்பான ஜேடிபிசி வைத்து பைலில் எழுதிவிட்டுப் போங்கள். இரண்டே நாள் வேலை.


குவெரிக்காரன் எழுதியது:

பெட்டியின் டேட்டாபேஸான டிபி2விலேயே எக்ஸ்எம்எல்டேபிள் இருக்கிறது. ஒரே எஸ்க்யூஎல், தலைப்பும் வரிகளும் அட்டவணையாக வந்துவிடும். நான் இப்போதெல்லாம் வேறு எதையும் தொடுவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஐஎஃப்எஸ் கோப்பைப் படிக்கும் ஃபங்ஷனுக்குக் கமிட்மென்ட் கன்ட்ரோல் வேண்டும், அது இல்லாமல் ஓட்டிவிட்டு இங்கே வந்து திட்டாதீர்கள்.

திருத்தம்: வி5ஆர்4 என்று இப்போதுதான் கவனித்தேன். எக்ஸ்எம்எல் டேட்டா டைப்பே 7.1இல்தான் வந்தது, எக்ஸ்எம்எல்டேபிள் அதற்கும் பிறகு. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள்.


பச்சைத்திரை எழுதியது:

தம்பி இல்லை சார், தங்கச்சி. பரவாயில்லை, இந்தத் துறையில் பழகிவிட்டது.

ஈடிஐ புரோகிராம் ஆர்பிஜி 3. 1994 என்று மேலே கமென்ட் இருக்கிறது. இரண்டு பிசிகல் பைல்களைப் படிக்கும்: தலைப்புக்கு ஒன்று, வரிகளுக்கு ஒன்று. மிகப் பெரிய ஆர்டர் 940 வரி. ஆர்டர் எண் தலைப்பில் மட்டும்தான் வருகிறது. என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கோப்பின் முதல் வரி சொல்கிறது, ஐஎஃப்எஸ்ஸில் பார்த்தால் 819 காட்டுகிறது.

இதற்கிடையில் நான் சும்மா இருக்கவில்லை. சென்னையில் எங்கள் டெவ் பெட்டி 7.1. அதில் எக்ஸ்எம்எல்-இன்டு எழுதி, முன்னொட்டை உதறச் சொல்லும் நேம்ஸ்பேஸ் ஆப்ஷனைப் போட்டேன். சின்னக் கோப்புக்கு அழகாக ஓடியது. ஆப்ஷன்களை ஒரு வேரியபிளில் வைத்திருந்தேன். டார்கெட் ரிலீஸை வி5ஆர்4 என்று வைத்து கம்பைல் பண்ணினேன், ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஓஹையோவில் ஏற்றி ஓட்டினால் ஸ்டேட்டஸ் 352 என்ற எரர். ஆப்ஷனை எடுத்துவிட்டு ஓட்டினால் 353. ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஐடி மனிதர் "ஆர் யூ டெஸ்டிங் இன் புரொடக்‌ஷன்?" என்று கேட்டார். பதில் போடவில்லை.


சிஸ்டம்36 எழுதியது:

மன்னிக்கணும் அம்மா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் எண்கள். 352 என்றால் "இந்த ஆப்ஷன் எனக்குத் தெரியாது". நேம்ஸ்பேஸ் ஆப்ஷன் பின்னால் வந்தது, வி5ஆர்4க்கு அது கிடையாது. ஆப்ஷன் ஒரு வேரியபிளில் இருப்பதால் கம்பைலருக்குத் தெரிய வழி இல்லை, ஓடும்போதுதான் விழும். 353 என்றால் கோப்பின் அமைப்பும் உங்கள் டேட்டா ஸ்ட்ரக்சரும் பொருந்தவில்லை. பொருந்தாது. முக்காற்புள்ளி உள்ள பெயரை ஆர்பிஜியில் சப்ஃபீல்டுக்கு வைக்க முடியாது, அப்புறம் எப்படிப் பொருந்தும்? இன்னும் ஒன்று வரும், 351. அது வந்தால் கோப்பே சரியில்லை என்று அர்த்தம். இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி தேர்வு. எக்ஸ்எம்எல்-இன்டுவும் எக்ஸ்எம்எல்-சாக்ஸும் ஆர்பிஜிக்குள் வந்ததே வி5ஆர்4இல்தான், 2006. இதற்கு முந்தைய ரிலீஸில் மாட்டியிருந்தால் உங்களுக்கு இந்த இரண்டுமே இல்லை. அந்த வகையில் அதிர்ஷ்டம்தான்.

எக்ஸ்எம்எல்-இன்டு பார்க்க ரொம்ப அழகு. டேட்டா ஸ்ட்ரக்சரைக் கோப்பின் அச்சில் வடித்துவிட்டால் ஒரே ஸ்டேட்மென்டில் எல்லாம் வந்து நிரம்பிவிடும். முன்னொட்டு இல்லாமல் சின்னச் சின்ன ஆர்டர்களாக இருந்திருந்தால் அதையே எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒரு வரிக்கு, ஐட்டம் எண், விவரம், அளவு, விலை, குறிப்பு எல்லாம் சேர்த்து 180 பைட் என்று வையுங்கள். 940 வரிக்கு 1,69,200. வி5ஆர்4இல் பெயரிட்ட ஒரு டேட்டா ஸ்ட்ரக்சர் 65,535 பைட்டைத் தாண்டக் கூடாது. 364 வரியோடு நின்றுவிடும். 6.1இல் அந்த வரம்பை ஒன்றரைக் கோடி பைட்டுக்கும் மேலே தூக்கிவிட்டார்கள், ஆனால் நீங்கள் அங்கே போக முடியாது.

"ஹேண்ட்லர் வைத்தால் ஆயிற்றே" என்று யாராவது சொல்வார்கள். ஹேண்ட்லர் என்பது உங்கள் சொந்தப் புரொசீஜர். பார்சர் பத்துப் பத்து எலிமென்டாக நிரப்பித் தரத் தர அதை வாங்கி பைலில் எழுதிவிடலாம், வரம்புத் தொல்லை இல்லை. ஆனால் எந்த மட்டத்தில் கேட்பீர்கள்? ஆர்டர் மட்டத்தில் கேட்டால் 940 வரிகளும் மறுபடி ஒரே ஸ்ட்ரக்சருக்குள் வந்து முட்டும். வரி மட்டத்தில் கேட்டால் வரி மட்டும்தான் வரும், அது எந்த ஆர்டரின் வரி என்று சொல்ல ஆள் இருக்காது. ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் எண் வருகிறதா என்று அதற்காகத்தான் கேட்டேன். வந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

ஆக, இன்டு உங்களுக்கு இல்லை. மிச்சம் இருப்பதைப் பார்ப்போம்.

எக்ஸ்எம்எல் டூல்கிட்: 5733எக்ஸ்டி1. உள்ளே இருப்பது ஜெர்சிஸ் என்ற சி++ பார்சர், மேலே ஆர்பிஜிக்கும் கோபால் (COBOL) மொழிக்கும் ஒரு ஒட்டு. 2003 வாக்கில் அதில் மூன்று மாதம் உழைத்திருக்கிறேன். புரோட்டோடைப்பே பக்கம் பக்கமாக இருக்கும். ஆர்பிஜியில் எழுதுகிறோமா, சி++ஐ ஆர்பிஜி எழுத்தில் எழுதுகிறோமா என்று ராத்திரி சந்தேகம் வரும். நான் எழுதியபோது கோப்பை முழு மரமாக நினைவகத்தில் கட்டி, கிளை கிளையாகத் தாவ வேண்டியிருந்தது. வேண்டாம்.

ஜாவா: கோட்பித்தன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி ஒரு தடவைக்கு ஜேவிஎம் எழும் நேரம் பெரிய குற்றமில்லை. ஆனால் அந்த 61 வயது மனிதர் ஏன் தடித்த எழுத்தில் எழுதினார் என்று யோசித்தீர்களா? ஒரு மணிக்கு ஜாப் விழுந்தால் அவருக்குத்தான் ஃபோன் வரும். ஜாப் லாகில் இரண்டு பக்கத்துக்கு ஜாவா டிரேஸ் இருந்தால் அவருக்கு அது கிரேக்கம். ஆர்பிஜி என்றால் டம்பில் ஃபீல்டு மதிப்பைப் பார்த்து, எந்த ஆர்டர் என்று சொல்லிவிடுவார். நீங்கள் இன்னும் இரண்டு வருடத்தில் வேறு புராஜெக்ட்டுக்குப் போயிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் போவதுதான்.

பிசி வழி: ராத்திரி ஒரு மணிக்கு ஓட வேண்டிய ஆர்டர், யாருடைய மேஜைக்கு அடியிலோ உள்ள விண்டோஸ் அப்டேட்டை நம்பி இருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

எக்ஸ்பாட்: இது தங்கம். ஜேம்ஸ் கிளார்க் 1998இல் எழுதியது. ஃபயர்ஃபாக்ஸிலும் பைத்தானிலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. நம்ம பெட்டிக்கு ஸ்காட் கிளெமென்ட் கொண்டுவந்தார், இலவசம், சோர்ஸோடு கிடைக்கும். கோப்பை நீங்களே துண்டு துண்டாகப் படித்து அதற்கு ஊட்டலாம். நேம்ஸ்பேஸ் தெரியும். எந்த வரியில் தப்பு என்று எண்ணைச் சொல்லும். வி5ஆர்3இல் நான் அதை வைத்து ஓட்டிய புரோகிராம்கள் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். என் கை முதலில் அதற்குத்தான் போகும்.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது எக்ஸ்எம்எல்-சாக்ஸ். காரணம், அது ஏற்கெனவே அந்தப் பெட்டியில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு லைப்ரரியை ரெஸ்டோர் செய்ய அந்த மனிதரிடம் அனுமதி வாங்கி, அவர் பாஸிடம் அவர் வாங்கி, உங்கள் ஆறு வாரத்தில் நான்கு போய்விடும். சாக்ஸ் டேகின் பெயரை வெறும் எழுத்தாகத் தருகிறது, ஃபீல்டோடு பொருத்திப் பார்ப்பதில்லை. முக்காற்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னொட்டுத் தொல்லை அங்கேயே தீர்ந்தது.

எழுதும் விதம் எளிது. பெயர்களை அடுக்கி வைக்க ஒரு அரே. டேக் திறந்தால் மேலே வை, மூடினால் எடு. நடுவில் வரும் எழுத்துகளை ஒரு பஃபரில் சேர். டேக் மூடும்போது அடுக்கின் கடைசி இரண்டு பெயர்களைப் பார்த்து எந்த ஃபீல்டு என்று முடிவு செய். வரி மூடினால் வரி பைலில் ஒரு ரைட், ஆர்டர் மூடினால் தலைப்பு பைலில் ஒரு ரைட். அந்த 1994 ஆர்பிஜி 3 புரோகிராமைத் தொடவே வேண்டாம். ஈடிஐ எந்த இரண்டு பைலில் எழுதியதோ அதே இரண்டில் உங்கள் ஐஎல்இ புரோகிராம் எழுதட்டும். அதற்குச் சாப்பாடு எந்தச் சமையலறையிலிருந்து வருகிறது என்றே தெரியாது.

இரண்டு குழிகள் உண்டு. நீங்கள் குழாய் வியாபாரியிடம் இருப்பதால் முதல் குழியில் நிச்சயம் விழுவீர்கள். எழுத்துகள் ஒரே தவணையில் வரும் என்று நம்பாதீர்கள். "முக்கால் இஞ்ச் கேட் வால்வ்" என்பதில் இஞ்ச் குறியை அனுப்புகிறவர் க்வாட் என்ட்டிட்டியாக (குறிக்குப் பதிலாக எழுதும் சங்கேதம்) மாற்றி அனுப்பியிருப்பார். சாக்ஸ் அதை மூன்று நிகழ்வாகத் தரும்: குறிக்கு முன்னால் உள்ள எழுத்துகள் ஒன்று, அந்தக் குறி தனியாக ஒன்று, பின்னால் உள்ளவை ஒன்று. வந்ததை அப்படியே ஃபீல்டில் போட்டால் கடைசித் துண்டுதான் மிஞ்சும். "கேட் வால்வ்" என்று மட்டும் நிற்கும். முக்கால் இஞ்சா, மூன்று இஞ்சா என்று கிடங்கில் இருப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அதனால்தான் பஃபர்.

இரண்டாவது, யுடிஎஃப்-8 கோப்புக்கு 819 (லத்தீன்-1) லேபிள். எஃப்டிபி ஒட்டியிருக்கும். கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட்டும் இருந்தால், 819 என்று நம்பிப் படிக்கும்போது முதல் எழுத்து திறப்புக்குறியாக இருக்காது. பார்சர் 302 என்று ஒரு கோடைச் சொல்லிப் படுத்துவிடும். க்யூஷெல்லில் (யூனிக்ஸ் மாதிரி கமாண்ட் திரை) செட்சிசிஎஸ்ஐடி போட்டு 1208 (யுடிஎஃப்-8க்கான எண்) ஆக்கிவிட்டு ஓட்டுங்கள்.

அந்த அவமானக் கதை. 2001. ஒரு டீலர் கம்பெனி, பெயர் வேண்டாம். "எக்ஸ்எம்எல் என்றால் டேகுகள்தானே, ஸ்கேன் போட்டு நடுவில் உள்ளதை வெட்டி எடுத்தால் ஆயிற்று" என்று நானே ஒரு பார்சர் எழுதினேன். எட்டு மாதம் ஓடியது. மேனேஜர் தோளில் தட்டினார். பிறகு அனுப்புகிறவர்கள் தங்கள் மென்பொருளை மாற்றினார்கள். காலியாக உள்ள குறிப்பு டேகை முன்பு திறந்து மூடி அனுப்பியவர்கள், ஒரே டேகாகத் தன்னைத்தானே மூடிக்கொள்ளும்படி அனுப்பத் தொடங்கினார்கள். எக்ஸ்எம்எல் இலக்கணப்படி இரண்டும் ஒன்றே. என் புரோகிராம் மூடும் டேகைத் தேடிப் போய், அடுத்த வரியின் குறிப்பு மூடும் இடம்வரை எல்லாவற்றையும் விழுங்கியது. குறிப்பு காலியாக இருந்த ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரி காணாமல் போனது. எரர் எதுவும் இல்லை, ஜாப் சுத்தமாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு டீலர் ஃபோன் பண்ணி, "நான் கேட்டதில் பாதிதான் வருகிறது, மீதிக்குப் பில்லும் வரவில்லை, நல்லவர்களாக இருக்கிறீர்களே" என்றார்.


நடுராத்திரி எழுதியது:

இவ்வளவு எதற்கு? க்யூஷெல்லில் எழுத்தைத் தேடி மாற்றும் செட் (sed) கமாண்ட் ஒரு வரி, "ஓஆர்டி" முன்னொட்டை எல்லா இடத்திலும் அழித்துவிட்டு எக்ஸ்எம்எல்-இன்டுவுக்குக் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

கோபால் தெரிந்தவர் யாராவது இருந்தால் எக்ஸ்எம்எல் பார்ஸ் ஸ்டேட்மென்ட் அதில் வி5ஆர்3 முதலே உண்டு. சும்மா சொல்லிவைத்தேன்.


சிஸ்டம்36 எழுதியது:

கோபால் விஷயம் சரி. அதுவும் சாக்ஸ் மாதிரியே நிகழ்வு நிகழ்வாகத்தான் தரும்.

செட் விஷயத்தில் ஒன்று. முன்னொட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர் மாதிரி. உண்மையான பெயர் கோப்பின் தலையில் உள்ள அந்த நீண்ட முகவரி. அனுப்புகிறவர் நாளைக்கே "ஓஆர்டி"யை "என்எஸ்1" என்று மாற்றலாம். அவரைக் கேள்வி கேட்க முடியாது, இலக்கணப்படி அவர் எதையும் மாற்றவில்லை. பல மென்பொருள்கள் தாமாகவே என்எஸ்1, என்எஸ்2 என்று சூட்டிவிடுகின்றன. பொருள் விவரத்துக்குள் அதே எழுத்துகள் வந்தால் அதையும் சேர்த்து அழிப்பீர்கள். உங்களிடம் ஓடுகிறது, ஓடட்டும். இவருக்கு 65,535 இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.


பச்சைத்திரை எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். எக்ஸ்எம்எல்-சாக்ஸ் ஓடுகிறது!

சொன்னபடியே இஞ்ச் குறியில் விழுந்தேன். பஃபர் வைத்துத்தான் எழுதியிருந்தேன், ஆனால் சாதாரண எழுத்து நிகழ்வுக்கு மட்டும் சேர்த்தேன். அந்தக் குறிக்கென்று தனி நிகழ்வு வரும் என்பதைப் படித்தும் மறந்துவிட்டேன். "3/4 கேட் வால்வ்" என்று இஞ்ச் இல்லாமல் வந்தது. ஐடி மனிதர்தான் கண்டுபிடித்தார். ஒரே பார்வையில்.

நீங்கள் சொல்லாத குழி ஒன்றும் இருந்தது சார். கோப்பை 1208 ஆக்கி ஓட்டினேன். ஜாபின் சிசிஎஸ்ஐடி 37, அமெரிக்க எப்சிடிக். சில பிராண்ட் பெயர்களுக்குப் பின்னால் உள்ள டிரேட்மார்க் குறி 37இல் கிடையாது, அதற்குப் பதிலாகத் திரையில் ஒரு கட்டை நின்றது. அதைக் காப்பாற்றலாம் என்று, எழுத்துக்கு இரண்டு பைட் எடுக்கும் யுசிஎஸ்2 ஆப்ஷன் போட்டேன். ஹேண்ட்லருக்கு வரும் நீளம் பைட்டில் வருகிறது என்று கவனிக்காமல், அத்தனை எழுத்து என்று நினைத்து வெட்டினேன். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பின்னால் பக்கத்து வீட்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பாதி நாள் போனது. இரண்டால் வகுத்ததும் சரியானது. கடைசியில் அந்தக் குறியே அவர்களுக்கு வேண்டாமாம், பைலில் அதற்கு இடமும் இல்லை. ஆப்ஷனை எடுத்துவிட்டு, அந்தக் கட்டை வரும் இடத்தில் வெற்றிடம் போட்டுவிட்டேன்.

6 எம்பி கோப்பு அந்த 520இல் மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. 940 வரி ஆர்டர் முழுசாக வந்தது, பழைய ஆர்பிஜி 3 புரோகிராம் எதையும் உணராமல் விழுங்கியது. பத்து நாள் ஈடிஐயையும் எக்ஸ்எம்எல்லையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டு பைல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அந்த மனிதர் கேட்டிருக்கிறார். ஒரு ஆர்டரில் மட்டும் வித்தியாசம். பார்த்தால் ஈடிஐ பக்கம்தான் தப்பு. விவரத்தை முப்பது எழுத்தோடு வெட்டுகிறார்கள். எத்தனை வருடமாகவோ.

டீம் லீடிடம் ஜாவா ஏன் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. "ராத்திரி ஒரு மணிக்கு ஃபோன் யாருக்கு வரும்" என்று கேட்டேன். விட்டுவிட்டார்.

ஒரு கேள்வி. இப்போது வாடிக்கையாளர் ஆர்டர் கிடைத்ததற்கு ஒப்புகையும் எக்ஸ்எம்எல்லில் திருப்பி அனுப்பச் சொல்கிறார், பழைய ஈடிஐ 855க்குப் பதிலாக. அதற்கும் இதே சாக்ஸ் உதவுமா?


சிஸ்டம்36 எழுதியது:

அந்த நீளம் பைட்டில் வரும் விஷயத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் விழுந்த இடம்தான், மறந்துவிட்டேன்.

ஒப்பிடச் சொன்ன அந்த மனிதரை விட்டுவிடாதீர்கள். ரிடையர் ஆவதற்குள் அவரிடமிருந்து அந்த இரண்டு பைல்களின் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் என்ன அர்த்தம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வந்த எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்து முடித்ததும் அழிக்காமல் தேதி போட்டு வேறு டைரக்டரிக்கு நகர்த்துங்கள், குறைந்தது மூன்று மாதத்துக்கு.

எழுதுவதற்குப் பார்சர் வேண்டாம் அம்மா, அது வேறு வேலை. சிஜிஐடெவ்2 என்று ஒன்று உண்டு. வெப் பக்கத்துக்காக வந்தது, ஆனால் ஒரு மாதிரிக் கோப்பில் மதிப்புகளை இட்டு ஐஎஃப்எஸ்ஸில் எழுதவும் அது போதும், இலவசம். ஆம்பர்சண்ட் (&) குறியையும் இஞ்ச் குறியையும் நீங்களே மாற்றி எழுத வேண்டும், இப்போது உங்களுக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை. மீதியைப் புது இழையாகத் தொடங்குங்கள், இங்கே எழுதினால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது.


பச்சைத்திரை எழுதியது:

தொடங்கிவிட்டேன் சார். இந்தத் தடவை தலைப்பிலேயே வி5ஆர்4 என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன், குவெரிக்காரன் கவனிக்கட்டும்.